ஒரு கோப்பும் பல கைகளும்

செங்கல், மரம், உலோகம், சுதை இவையின்றி விசித்திரசித்தன் என்னும் மன்னன் எடுப்பித்ததென்று மண்டகப்பட்டுக் குடைவரையில் பொறித்த சாசனத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒருங்கே வாசிக்கலாம், திருத்துவார் எவருமில்லை. அலுவலக ஆவணங்களுக்கோ அந்தப் பாக்கியம் கிடையாது. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ நாலு மேஜை கொண்ட ஓர் அலுவலகத்தில், 1992-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆக்ஸஸ் போன்ற தரவுத்தளத்தை ஒரே கோப்பாகப் பொதுக் கணினியில் வைத்து, அனைவரும் அதையே திறந்து எழுதத் தலைப்படும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. ஒரே வாடிக்கையாளரின் முகவரியை இருவர் ஏககாலத்தில் மாற்றினால் எவருடையது நிலைபெறும்? இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே, தரவுத்தளத்தைத் திறந்தவுடன் அதனருகே பூட்டுக்கோப்பு ஒன்று தானே தோன்றி, இன்னின்ன கணினிகள் உள்ளே இருக்கின்றனவென்று குறித்துக்கொள்கிறது. கடைசி ஆள் வெளியேறியதும் மறைந்துவிடுகிறது. மறையாமல் கிடந்தால், எங்கோ ஒரு கணினி மின்வெட்டில் அணைந்திருக்கலாமென்று யூகிக்க வேண்டியதுதான்.

பலரும் செய்யத் தவறுகிற காரியம், கோப்பை இரண்டாகப் பிரிப்பது: அட்டவணைகள் மாத்திரம் பொதுவிடத்தில் இருக்க, படிவங்களும் அறிக்கைகளும் அவரவர் கணினியில் தனிப்பிரதியாக இருந்துவிட வேண்டும். ஆக்ஸஸில் 255 பேர் வரை ஒருங்கே புழங்கலாமென்றும், கோப்பு 2 ஜிகாபைட் வரை வளரலாமென்றும் ஏட்டில் உண்டு. இருபது பேரைத் தாண்டினாலே அது மூச்சுத் திணறும் என்பது என் அபிப்பிராயம். வைஃபையில் எழுதிக்கொண்டிருக்கையில் இணைப்பு அறுந்தால் கோப்பே சிதைந்துவிடக்கூடுமாதலால், கம்பிவழி இணைப்பே உசிதம்.