பலூ தம்பி: குண்டு எழுத்துக்கு எங்கே வேலை?

அம்மாவுக்கு மாத்திரை வேளையை நினைவூட்ட சின்னதா ஒரு ஆப் எழுதினேன். அழகா இருக்கட்டுமேன்னு மொத்தத்தையும் 'பலூ தம்பி' எழுத்துருவில் போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்குடா" என்றார்.

பலூ, மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய எழுத்துருக் குடும்பம். இலவசம். தெலுங்கில் தம்முடு, மலையாளத்தில் சேட்டன், நமக்குத் தம்பி. (பெயர் வைத்தவரை நேரில் பார்த்தால் கைகொடுப்பேன்.) கோடெல்லாம் தடிமன், முனையெல்லாம் மழுங்கல். இந்தியில் பாலூ என்றால் கரடி. எழுத்தும் கரடிக்குட்டி மாதிரிதான் இருக்கும்.

சிக்கல் அந்தத் தடிமனில்தான். கோடு பருத்தால் எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் சுருங்கும். ரோமன் எழுத்துகளில் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஓட்டைதான், சமாளித்துவிடும். நம்ம 'ண'வுக்கு மூன்று சுழி, 'ன'வுக்கு இரண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த வெள்ளைதான். சின்ன அளவில் அது அடைபட்டால் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டு. ஐகார, உகர எழுத்துகளின் வளைவுகளுக்கும் இதே கதி.

அதே எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிரிக்கும். குழந்தைப் புத்தக அட்டை, முறுக்குப் பாக்கெட், கடைப் பலகை, இரண்டு மூன்று சொல் தலைப்பு: இதெல்லாம் அதன் இடம். பத்தி எழுத்துக்கு ஆகாது. முதலில் ஒரே தடிமனில் வந்தது. பின்னால் வந்த 'பலூ 2'இல் ஐந்து தடிமன்கள் உண்டு, மெல்லியதை ஓரளவு சின்ன அளவிலும் படிக்கலாம்.

இப்போது ஆப்பில் 'காலை', 'இரவு' மட்டும் பெரிதாகத் தம்பியில். மாத்திரைப் பெயரெல்லாம் மெல்லிய எழுத்தில், வரிக்கு ஒன்றாக.