புகையை விட்ட கதை

எங்கள் கல்லூரிக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை உண்டு. அதன் பின்புற மதிலோரம், இடைவேளைதோறும் நான் ஒதுங்கும் இடம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அங்கே சென்றபோது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எனக்கு முன்னரே நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையை முதுகின் பின்னே மறைத்தான். நானும் அவ்வாறே செய்தேன். இருவர் முதுகின் பின்னும் புகை எழுந்தது. கண்டிக்க வேண்டிய நான் வாய் திறவாது திரும்பினேன்.

அன்றே விட்டுவிட்டேன் என்று எழுதினால் கதை அழகாயிருக்கும், உண்மை அதுவன்று. முன்பு இருமுறை முயன்று தோற்றவன் நான். நாளுக்கு 14 என்பதைப் 10 ஆக்கி, 6 ஆக்கி, விடைத்தாள் திருத்தும் காலம் வந்ததும் மீண்டும் 14க்கே ஏறியவன். சிறிது சிறிதாகக் குறைக்கலாம் என்பது கேட்க இனிய யோசனை. என்னளவில் அது எஞ்சிய ஒவ்வொன்றின் மீதும் ஆசையைப் பெருக்கியதேயன்றி வேறு பயன் தரவில்லை. ஆகவே இம்முறை தவணை விடுமுறையின் முதல் நாளைக் குறித்து, அன்றோடு முற்றாக நிறுத்துவதென முடிவு செய்தேன்.

அதற்கு முந்திய வாரம் சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தேன். புகைத்த ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் சந்தர்ப்பத்தையும் எழுதினேன். வார முடிவில் படித்தபோது வெட்கமாயிருந்தது. உண்மையில் வேண்டிப் புகைத்தவை நாளுக்கு நான்கோ ஐந்தோதான். ஏனையவை தேநீருக்காகவும், சோறுண்ட வாய்க்காகவும், பஸ்ஸுக்குக் காத்திருந்ததற்காகவும், நண்பர் நீட்டியதற்காகவும் புகைத்தவை. நிக்கொட்டின் சில விநாடிகளில் மூளையை அடைகிறது. இரத்தத்தில் அதன் அளவு சில மணி நேரத்தில் இறங்க, மூளை மீண்டும் கேட்கிறது. அது மருந்தின் பிடி. தேநீர்க் கோப்பையைக் கண்டதும் விரல்கள் பையைத் தேடுவது பழக்கத்தின் பிடி. இவ்விரண்டையும் வெவ்வேறாக அவிழ்க்க வேண்டும் என்பதை அந்தப் புத்தகமே எனக்குக் கற்பித்தது. காலைத் தேநீரை வீட்டு முற்றத்தில் நின்று குடித்தேன். கடைப் பக்கத்துத் தெருவை விட்டு மறு தெருவால் நடந்தேன். உண்டதும் எழுந்து பல் துலக்கினேன். சாம்பற் கிண்ணம் குப்பைக்குப் போயிற்று. நெருப்புப்பெட்டி சுவாமியறையில் மட்டும் இருந்தது.

ஆசை எழும் வேகம் பொல்லாதது, ஆயினும் நீடிப்பதில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறையேனும் அது பத்து நிமிடத்தைத் தாண்டக் கண்டதில்லை. ஒரு குவளைத் தண்ணீர், வாயில் ஒரு கராம்பு, கிணற்றடிவரை ஒரு நடை, அதற்குள் தணிந்துவிடும். கோபம், நித்திரையின்மை, பசி, மனம் ஒன்றாமை ஆகியன முதல் மூன்று நாட்களில் உச்சம்; இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். மனைவியிடம் முன்கூட்டியே, “இரண்டு கிழமைக்கு நான் என்ன சொன்னாலும் மனத்தில் வையாதேயும்” என்றேன். “பதினைந்து வருஷமாக வையாமல்தானே இருக்கிறேன்” என்றார்.

காலை எழுந்தவுடன் புகைப்போர்க்கு மருந்தின் பிடி வலிது. அவர்கள் வைத்தியரை நாடுவதில் இழிவில்லை. நிக்கொட்டின் கலந்த மெல்லும் பசையையும் தோலில் ஒட்டும் பட்டையையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2009 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. இருதய நோயாளரும் கர்ப்பிணிகளும் அவற்றை வைத்தியரைக் கேளாது தொடலாகாது. சிகரெட்டை விட்டுச் சுருட்டுக்கு மாறுவதும், வெற்றிலையோடு புகையிலையை மெல்லுவதும் விடுதல் ஆகா. (இதைச் சொல்லும் என்னைப் படிப்பித்தது பாட்டனாரின் புகையிலைத் தோட்டம்.)

பத்தொன்பதாம் நாள் ஒரு மரண வீட்டில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட்டும் வந்தது. எடுத்தேன், புகைத்தேன். முன்னைய முயற்சிகளில் இத்தகைய ஒன்றே, “இனி என்ன” என்று என்னைப் பழைய நிலைக்கு இழுத்துச் சென்றது. இம்முறை குறிப்புப் புத்தகத்தில் “மரண வீடு, 1” என்று எழுதிவிட்டு மறுநாளை இருபதாம் நாளாகவே எண்ணினேன்.

காலம் கடந்துவிட்டது என்பாருக்கு ஒரு கணக்கு. பிரித்தானிய வைத்தியர்களை 1951 முதல் 2001 வரை தொடர்ந்து அவதானித்த றிச்சர்ட் டோல் குழுவினரின் முடிவு 2004 இல் வெளியாயிற்று. அதன்படி, 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டும், 50 இல் விட்டவர் 6 ஆண்டும், 40 இல் விட்டவர் 9 ஆண்டும், 30 இல் விட்டவர் 10 ஆண்டும் ஆயுளில் மீட்டனர். நான் இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் இடையில் நிற்பவன்.

மூன்று மாதங்களின் பின், ஆய்வுகூடத்தில் அந்த மாணவன் தனியே நின்றபோது அருகிற் சென்றேன்.

“தம்பி, நான் விட்டு இன்று 94 நாள்.”

அவன் தலையைக் குனிந்தான். சற்றுப் பொறுத்து, “எனக்குப் பதினொன்று, சேர். தேநீர் குடித்த உடனேதான் கஷ்டம்” என்றான்.

சட்டைப் பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவனிடம் கொடுத்தேன்.