தம்புள்ளைச் சந்தையும் தொற்றுக்காலச் சட்டமும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியும் குருநாகலிலிருந்து திருகோணமலை செல்லும் ஏ-6 வீதியும் சந்திக்கும் இடத்தில் தம்புள்ளை இருக்கிறது. 1999ஆம் ஆண்டு அங்கு விசேட பொருளாதார மத்திய நிலையம் அமைக்கப்பட்டதற்கு இந்த அமைவிடமே முதற்காரணம். நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும், வெலிமடையின் உருளைக்கிழங்கும், மாத்தளை மாவட்டத்தின் பெரிய வெங்காயமும், யாழ்ப்பாணத்தின் சின்ன வெங்காயமும் இரவோடிரவாக அங்கு வந்திறங்கி, கைமாறி, மீண்டும் லொறிகளில் ஏறி நாட்டின் நாலா திசைகளுக்கும் செல்கின்றன. குடாநாட்டு விவசாயியும் மலையக மரக்கறிச் செய்கையாளரும் கிழக்கு மாகாணத்து முஸ்லிம் வியாபாரியும் சிங்களக் கொள்வனவாளரும் ஒரே தராசின் முன் நின்று விலை பேசும் இடங்கள் இந்நாட்டில் அதிகம் இல்லை.

கொவிட்-19 தொற்றின்போது அவ்வாறான ஓர் இடத்துக்குச் சுகாதாரக் கட்டுப்பாடுகளை எவ்வாறு விதிப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்குத் தெளிவான விடை காணப்பட்டதாக நாம் கருதவில்லை. இனியொரு தொற்று வராது என்று எவரும் உத்தரவாதம் தர முடியாத நிலையில், அன்று என்ன நடந்தது, எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்பதை வியாபாரிகளும் நுகர்வோரும் அறிந்திருப்பது அவசியமாகும்.

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவத் தொடங்கியதை அடுத்து, பிரித்தானிய ஆட்சியாளர்கள் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க, தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தை இலங்கையில் கொண்டு வந்தனர். அதே ஆண்டில் இந்தியாவில் நிறைவேற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டத்தின் இலக்கமும் 3 என்பது ஒரு சுவையான ஒற்றுமை. கப்பல்களையும் துறைமுகங்களையும் பெரிதும் மனத்திற் கொண்டு வரையப்பட்ட அந்தப் பழைய சட்டத்தைக் கொண்டே, ஏறத்தாழ 123 ஆண்டுகளுக்குப் பின்னர் பேரங்காடி முதல் தேநீர்க் கடை வரை யாவும் ஒழுங்குபடுத்தப்பட்டன.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடளாவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதனை மீறியதாக அடுத்து வந்த இரண்டு மாத காலத்தில் கைது செய்யப்பட்டோரின் எண்ணிக்கை ஏறத்தாழ 60,000ஐ எட்டியது. அந்த ஊரடங்குக்கான சட்ட அடிப்படை யாது என்று சட்டத்தரணிகள் அப்போதே கேள்வி எழுப்பினர். கடைகள் பின்பற்ற வேண்டிய சுகாதார வழிகாட்டல்களின் நிலையும் அதுவே. அவை சுற்றறிக்கைகளாக இருந்தனவேயன்றி வர்த்தமானியில் வெளியிடப்பட்ட ஒழுங்குவிதிகளாக இருக்கவில்லை. கடைக்காரர் ஒருவர் "எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுவதற்கு ஏதுமில்லை. இதனாலேயே 2020 ஜூலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் சங்கம் சட்ட அதிகாரம் கோரி, கொவிட் கட்டுப்பாட்டுக் கடமைகளிலிருந்து விலகி நிற்க நேர்ந்தது.

மினுவாங்கொட ஆடைத் தொழிற்சாலைத் தொற்று வெளிப்பட்ட பின்னர், 2020 ஒக்டோபர் 15ஆம் திகதியே உரிய வர்த்தமானி வெளிவந்தது. முகக்கவசம் அணிதல், ஒரு மீற்றர் இடைவெளி பேணல் ஆகியவற்றுடன், வாடிக்கையாளரின் உடல் வெப்பநிலையை அளத்தல், கை கழுவ வசதி செய்தல், வந்து செல்வோரின் விபரங்களைப் பதிவேட்டில் குறித்தல் ஆகியவை வியாபார நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பாக்கப்பட்டன. மீறுவோருக்கு 10,000 ரூபா வரையிலான அபராதமோ 6 மாதம் வரையிலான சிறையோ விதிக்க இடமிருந்தது. நாட்டில் முதலாவது தொற்றாளர் இனங்காணப்பட்டு எட்டு மாதங்களுக்கு மேல் கழிந்த பின்னரே இந்தச் சட்ட வடிவம் கிடைத்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

கடைக்காரர் தமது வாசலில் வெப்பமானியோடு நிற்கலாம். தம்புள்ளைச் சந்தையில் வாசல் எது? இரவு முழுவதும் லொறிகள் வந்து கொண்டிருக்கும். மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் ஒரு கூடத்திலிருந்து மறு கூடத்துக்கு ஓடிக் கொண்டிருப்பர். அறுபது கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றியவரிடம் முகக்கவசத்தை இறக்காதே என்று சொல்வது எளிது. அதை அணிந்தபடி அவர் மூச்சு விடுவது எளிதன்று. தூரத்திலிருந்து வரும் சாரதியும் உதவியாளரும் ஒரே லொறியின் முன்னறையில் பல மணிநேரம் அமர்ந்து வருகின்றனர். காற்றோட்டமற்ற அந்தச் சிறு அறையும், உறங்கும் விடுதியும், நெரிசலான தேநீர்க் கடையும்தான் தொற்று பரவுவதற்கு வாய்ப்பான இடங்கள். பக்கங்கள் திறந்த மண்டபத்தில் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் அன்றைய நாட்களில் நமது கண்களுக்குப் பட்டது வீதியெங்கும் கிருமிநாசினி விசிறும் காட்சியே. வெளியிடங்களில் அவ்வாறு விசிறுவதால் பயனில்லை என உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மே மாதத்திலேயே கூறியிருந்தது. தொலைக்காட்சிக்கு அது நல்ல காட்சியாக அமைந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஊரடங்கு வேளையில் பொருளாதார மத்திய நிலையங்கள் சில தினங்களில் மொத்த வியாபாரத்துக்காகத் திறக்கப்பட்டன; வேறு சில தினங்களில் மூடப்பட்டன. துணிக்கடையை மூடினால் துணி அலுமாரியில் இருக்கும். தக்காளி அவ்வாறு இராது. செடியில் விட்டால் கனிந்து விழும், பறித்து வைத்தால் அழுகும். கொழும்பில் மரக்கறி கிடைக்காமல் மக்கள் தவித்த அதே நாட்களில் விவசாயிகள் விளைச்சலைத் தோட்டத்திலேயே கைவிட்டனர். திறக்கும் தினம் முன்கூட்டியே தெரியாவிடின், திறக்கும் அன்று வழமையை விடக் கூட்டம் அதிகரிக்கும். தொற்றைத் தடுக்க எடுத்த முடிவே நெரிசலை உருவாக்கிவிடும்.

சென்னைக் கோயம்பேடு இதற்கு மிக அண்மைய பாடம். 2020 ஏப்ரல் இறுதியில் அங்கு தொற்று வெளிப்பட்டு, மே 5ஆம் திகதி சந்தை மூடப்பட்டது. ஆனால் அதற்குள் தொழிலாளர் பலர் கடலூர், அரியலூர், விழுப்புரம் எனச் சொந்த ஊர்களுக்குத் திரும்பிவிட்டனர். தொற்றும் அவர்களுடன் சென்றது. மே 10ஆம் திகதி முதல் திருமழிசையில் தற்காலிகச் சந்தை இயங்கியது. கோயம்பேடு காய்கறிச் சந்தை மீண்டும் திறக்கப்படுவதற்குச் செப்டம்பர் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாற்றிடம் ஒன்றைத் தொற்றுக்கு முன்னரே தெரிவு செய்து வைத்திருந்தால் அந்த இழப்பில் ஒரு பகுதியேனும் தவிர்க்கப்பட்டிருக்கும் என்பது எமது கணிப்பு.

எமது நாட்டில் 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் தொற்று கண்டறியப்பட்டபோது, மீனே நோயைக் காவுகிறது என்ற அச்சம் பரவி, கரையோர மீனவர்களின் பிழைப்பு நொறுங்கியது. முன்னாள் மீன்பிடி இராஜாங்க அமைச்சர் திலிப் வெதஆரச்சி செய்தியாளர் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் அளவுக்கு நிலைமை சென்றது. சந்தையில் மனிதருக்கு மனிதர் தொற்றியது என்ற எளிய விளக்கம் உரிய நேரத்தில் உரிய மொழிகளில் மக்களைச் சென்றடைந்திருந்தால் அந்த வேடிக்கைக்குத் தேவை இருந்திராது.

நம்பிக்கை பற்றியும் கூற வேண்டியுள்ளது. தொற்றால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கிய 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானியை முஸ்லிம் வாசகர்கள் மறந்திருக்க முடியாது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முன்னரே வழிகாட்டியிருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை அந்த விதி நீடித்தது. 2021 மார்ச்சிலேயே ஓட்டமாவடியில் ஜனாஸாக்களை அடக்க வழி பிறந்தது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. காய்ச்சல் கண்ட ஒரு சுமை தொழிலாளி பரிசோதனைக்குத் தாமாக முன்வந்தால்தான் சந்தை காப்பாற்றப்படும். இறந்தால் எரித்துவிடுவார்கள் என்ற அச்சமும், தமது சமூகத்தின் மீது பழி விழும் என்ற அச்சமும், நாட்கூலி பறிபோகும் என்ற அச்சமும் ஒன்றுசேரும்போது அவர் ஏன் முன்வரப் போகிறார்? 2012 ஏப்ரலில் பள்ளிவாசல் தாக்கப்பட்டதைக் கண்ட ஊர் தம்புள்ளை. அங்கு இந்த ஐயம் வெறும் கற்பனையல்ல.

நிவாரணம் வந்ததையும் நாம் மறைக்கவில்லை. 2020இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 5,000 ரூபா வழங்கப்பட்டது. மத்திய வங்கி 4 சதவீத வட்டியில் தொழில் மூலதனக் கடனை அறிமுகப்படுத்தியது. ஆனால் வங்கிக் கடனுக்குக் கணக்குப் புத்தகமும் வியாபாரப் பதிவும் தேவை. சிட்டைத் துண்டிலும் வாய்ச்சொல்லிலும் வியாபாரம் செய்யும் சிறு தரகருக்கும், மூட்டைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. 2021 மே 21 முதல் ஒரு மாத காலம் நீடித்த பயணக் கட்டுப்பாட்டிலும், ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரையிலான ஊரடங்கிலும் இதே பிரச்சினை மீண்டும் தலைதூக்கியது.

எனவே தம்புள்ளைக்கெனத் தனியான ஒரு திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறோம். எந்த மாகாணத்து லொறி எந்த நேரத்தில் உள்ளே வரலாம், சாரதிகள் எங்கு தங்குவது, சந்தை மூடப்பட்டால் மாற்றிடம் எது, தனிமைப்படுத்தப்படும் தொழிலாளியின் நாட்கூலியை யார் கொடுப்பது என்பவை அதில் அடங்க வேண்டும். அது தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். வியாபாரிகள், விவசாயிகள், நாட்டாமைகள் ஆகியோரின் பிரதிநிதிகள் அதனைத் தயாரிக்கும் மேசையில் அமர வேண்டும். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்திய உதவியுடன் தம்புள்ளையில் திறந்து வைக்கப்பட்ட 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுடைய வெப்பக் கட்டுப்பாட்டுக் களஞ்சியமும் இத்திட்டத்தில் சேர்க்கப்படலாம். சந்தை சில நாட்கள் மூடப்பட்டாலும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் அங்கு தாக்குப்பிடிக்கும். அத்தகைய வேளையில் களஞ்சியத்தின் இடம் பெரிய கொள்வனவாளருக்கு முன்னதாகச் சிறு விவசாயிக்குக் கிடைக்குமா என்பதை அதனை நிர்வகிப்போர் இப்போதே தெளிவுபடுத்துவது நல்லது.