கட்டாயமும் வன்செயலும்

உளநோயாளர் விடுதிகளில் அமைதி நிலவுதற்கு வலிமையே துணை என்பது நெடுங்காலக் கொள்கை. நோயாளி சினந்தெழுந்தால் அவரைக் கட்டுதல், தனியறையில் அடைத்தல், வலிந்து ஊசிமருந்து ஏற்றுதல் ஆகியன அக்கொள்கையின் விளைவுகள். இவை வன்செயலை அடக்குகின்றனவா, அன்றி வளர்க்கின்றனவா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இங்கிலாந்திலே லிங்கன் நகரத்து உளநோயாளர் இல்லத்தில், றொபேட் காடினர் ஹில் என்பார் 1838ஆம் ஆண்டளவில் கட்டுக்கருவிகளை ஒழித்தார். அதனை நேரிற் கண்டறிந்த யோன் கொனொலி என்னும் மருத்துவர், 1839ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஹான்வெல் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஏறக்குறைய 800 நோயாளர் வாழ்ந்த அவ்வில்லத்தில், சில மாதங்களுள் கைவிலங்கும் இறுக்குச் சட்டையும் வழக்கொழிந்தன. பலர் அஞ்சியவாறு விடுதிகள் போர்க்களமாகவில்லை. கட்டுகளை அகற்றியதோடு கொனொலி அமையவில்லை. பணியாளர் பொறுமையும் பரிவும் உடையராதல் வேண்டுமென வற்புறுத்தினார். எனினும், மெத்தை பொதிந்த தனியறையை அவரும் கைவிட்டாரல்லர். கட்டாயம் ஒரு வடிவத்தை இழந்து மற்றொரு வடிவத்திற் புகக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

ஆகவே, கருவியை அகற்றுதல் மட்டும் போதாது. பூசல் எழும் கணத்தையே நோக்குதல் வேண்டும். இலண்டனில் லென் பவேர்ஸ் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் இவ்வாறே நோக்கினர். வேண்டுகோள் மறுக்கப்படுதல், வெளியே செல்ல இசைவு கிடையாமை, வீட்டிலிருந்து துயரச் செய்தி வருதல் போன்ற வேளைகளிலேயே சினம் மூளுகின்றது. சினத்தை அடக்கக் கட்டாயம் வருகின்றது. அக்கட்டாயமே மீண்டும் சினத்தை மூட்டுகின்றது. இச்சுழலை அறுத்தற்கு அவர்கள் 'சேஃப்வாட்ஸ்' என்னும் பெயரில் பத்து நடைமுறைகளை வகுத்தனர். மறுக்க நேரின் காரணங்கூறி மென்மையாக மறுத்தல், துயரச் செய்தியை முன்னறிந்து ஆறுதலுடன் உரைத்தல், நோயாளரும் தாதியரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல், நோயாளர் ஒருவர்க்கொருவர் உதவக் கூட்டங்கூடுதல் முதலியன அவற்றுட் சில.

15 மருத்துவமனைகளைச் சேர்ந்த 31 விடுதிகளில் இம்முறை சோதிக்கப்பட்டது. ஒப்புநோக்கற்கு வைத்த விடுதிகளிலும் பார்க்க, இம்முறையைக் கைக்கொண்டவற்றிற் பூசல்கள் 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் செயல்கள் 26.4 சதவீதமும் குறைந்தன என 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுரை கூறுகின்றது.

வன்செயல் முற்றாக அற்றுப்போயிற்று என்பது இதன் பொருளன்று. தாதியர்க்கும் நோயாளர்க்கும் நேரும் ஊறு குறைந்தால் அதுவே பெரும் பேறு. வன்செயல் நோயாளியின் உள்ளத்தில் மட்டும் பிறப்பதன்று. அவருக்கும் பிறருக்கும் இடையே பிறப்பது. ஆதலின் அதனைத் தணிக்கும் பொறுப்பும் இருபாலார்க்கும் உரியது. அறிவும் அதிகாரமும் உடையார்க்கோ மிகுதியும் உரியது.