இடிந்த வீட்டுக் கொங்கிறீற்று மீண்டும் உதவுமா?

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள், காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது பலவிடங்களில் கண்டவை இடிபாட்டுக் குவியல்களே. சல்லி வாங்கப் பணமில்லாத வேளையில், "இதையே உடைத்துப் போட்டால் என்ன?" என்ற கேள்வி எழுவது இயல்பு. போடலாம், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. 1945 இன் பின்னர் ஜேர்மனியரும் தமது நகரங்களின் இடிபாடுகளைக் கொண்டு கட்டினர்.

முதலில் பாதுகாப்பு. வெடிபொருள் அகற்றப்பட்டதென உறுதியாகும்வரை குவியலில் கை வைக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாது அறிவியுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை ஒருபோதும் உடைக்கக்கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

உடைசலில் பழைய சாந்து ஒட்டியிருக்கும். அது நீரை உறிஞ்சும். 100 கிலோ கருங்கல் சல்லி ஏறக்குறைய ஒரு கிலோ நீரை உறிஞ்சினால், கொங்கிறீற்று உடைசல் 4 முதல் 8 கிலோ வரை உறிஞ்சக்கூடும். கலவை இறுகுவதைக் கண்டு மேலும் நீர் ஊற்றினால் பலம் குறையும். ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. மரம், ஓடு, சுண்ணாம்புப் பூச்சு, மண் ஆகியவற்றை நீக்குக.
2. முக்கால் அங்குல அளவில் உடைத்து, தூளை அரித்து அகற்றுக. மணலுக்குப் பதிலாகத் தூளைப் போட வேண்டாம்.
3. கழுவி, ஓர் இரவு ஊறவைத்து, நீர் வடிந்தபின் கலக்குக.
4. ஒரு வாளி சீமெந்து, 2 வாளி மணல், 4 வாளி சல்லி என்ற கலவையில், சல்லியில் ஒரு வாளியை மட்டும் உடைசலாக மாற்றுக. இவ்வளவில் பலம் பெரிதாகக் குறையாது. முழுவதும் உடைசலானால் ஐந்திலொரு பங்கு பலமும், சிலவேளை அதற்கு மேலும், குறையலாம்.
5. குறைந்தது 7 நாட்கள் ஈரமாக வைத்திருங்கள்.

வீட்டு நிலம், நடைபாதை, மாட்டுக் கொட்டில் தரை ஆகியவற்றுக்கு இது போதும். கம்பி வைத்த வளை, தூண், தட்டு, தண்ணீர்த் தொட்டி என்பவற்றுக்குப் புதிய சல்லியையே பாவியுங்கள். கடற்கரையோர இடிபாட்டில் உப்பு இருக்கலாம்; அது கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து கொங்கிறீற்றை வெடிக்கவைக்கும்.

உடைசலால் மிஞ்சும் பணத்தைத் தூணுக்கும் வளைக்கும் செலவிடுவோம். பிள்ளைகளின் தலைக்கு மேலே நிற்பவை அவையே.