கடமும் ஆப்பிரிக்க முரசும்

மிருதங்கம் பயிலும் பிள்ளை ஜாஸ் இசையில் நாட்டங்கொண்டால், "தாளம் கெட்டுவிடுமோ!" என்று அஞ்சும் பெற்றோர் அலிப்பூரில் வாழும் நம்மவரிடையேயும் உண்டு. அந்த அச்சம் தேவைதானா என்று சற்றே ஆராய்வோம்.

ஜாஸ் இந்நகருக்குப் புதிய விருந்தாளியன்று. அலிப்பூருக்கு வடக்கே மைதானத்தைக் கடந்தால் சௌரங்கி. அங்குள்ள கிராண்ட் ஹோட்டலில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாத்தியக்குழு நடத்தியவர், ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கரான பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட். 1945-ஆம் ஆண்டில் காலராவுக்கு இரையாகி, இந்நகரிலேயே அவர் மறைந்தார்.

அவர் வாசித்த ஜாஸின் வேர் ஆப்பிரிக்காவிலே உள்ளது. அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரும் அவர் வழிவந்தோரும் நியூ ஆர்லியன்ஸ் நகரின் காங்கோ சதுக்கத்தில் ஞாயிறுதோறும் கூடி, முரசு கொட்டி ஆடினர். பிற்காலத்தில் அந்நகரிலேதான் ஜாஸ் பிறந்தது.

ஆப்பிரிக்க லயத்தின் சிறப்பு, ஒரே வேளையில் வெவ்வேறு கணக்குகள் ஒலிப்பதாகும். வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு குழந்தை "தகிட தகிட" என்றும், மற்றொன்று அதே வேகத்தில் "தக தக தக" என்றும் சொல்லட்டும். ஒன்று மும்மூன்றாகவும் மற்றொன்று இரண்டிரண்டாகவும் நடந்து, ஆறு எழுத்து முடிந்ததும் இரண்டும் மீண்டும் முதலடியிலே கூடும். கோர்வை சமத்தில் வந்து விழுவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இவ்வின்பம் அயலானதா?

இவ்வுறவை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் நம் விக்கு விநாயக்ராம். ஆங்கிலேயரான ஜாஸ் கிதார் மேதை ஜான் மக்லாஃப்லினுடன் 'சக்தி' குழுவில் கடம் வாசித்தார். அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1976-இல் வெளிவந்தது. பின்னர் 1991-இல் வெளியான 'பிளானெட் டிரம்' தொகுப்பில், நைஜீரியக் கலைஞர் சிகிரு அடெபோஜுவின் 'பேசும் முரசு' அவருடைய கடத்துடன் கூடி ஒலித்தது. நம் உடுக்கையைப் போலவே இடை சிறுத்த வாத்தியம் அது; கயிறுகளை அழுத்தினால் சுருதி ஏறும். மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவில் வாசித்த பிரேசில் நாட்டு ஆய்ர்ட்டோ மொரேராவும் அதில் பங்குகொண்டார். அத்தொகுப்பு 1992-இல் கிராமி விருது பெற்றது.

விநாயக்ராம் இவற்றுக்கெல்லாம் முன்பே, தம் தந்தை ஹரிஹர சர்மாவிடம் முறைப்படி பயின்றவர். அடித்தளம் உறுதியாயிருந்தமையாலன்றோ, எந்நாட்டு முரசோடும் கடம் தயக்கமின்றி உரையாட முடிந்தது!

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் ஜாஸ் கேட்கட்டும். காலைச் சாதகம் மட்டும் ஒரு நாளும் தவறாதிருக்கட்டும்.