தராசு வசனம் தாத்தாவின் முறைக்கு வந்தபோது...

தாப்பாவிலிருந்து பழைய பாதையில் கேமரன் மலை ஏறினால், பகாங் எல்லைக்குள் முதலில் வரும் ஊர் ரிங்லெட். சிறு வயதில் பள்ளி விடுமுறை என்றாலே எனக்கு அங்குள்ள பாட்டி வீடுதான்.

இரவு ஏழரை மணிக்குத் தொலைக்காட்சி நின்றுவிடும். பாய் விரிப்பார்கள். கறுப்பு அட்டை போட்ட வேதாகமம் கைக்குக் கை மாறும். ஆளுக்கு ஒரு வசனம்; யாருக்கு எது விழும் என்று யாருக்கும் தெரியாது. நாடகம் போய்விடுகிறதே என்ற கவலையிலேயே நான் என் முறையை முடிப்பேன்.

இன்று வானொலியில் பேசிப் பிழைக்கிறேன். தமிழை நிறுத்தி நிதானமாக வாசிக்கப் பழகியது அந்தப் பாயில்தான். பள்ளிக்கூடமே போகாத பாட்டி எழுத்துக் கூட்டக் கற்றதும் அங்கேதான். ஆனால் வாசிப்பது வேறு, வாசித்தபடி நடப்பது வேறு. இது எனக்கு உறைத்தது போன டிசம்பரில், தாத்தாவின் கதையைப் பாட்டி சொன்னபோது.

கூடைக்கு இரண்டு கிலோ

தாத்தா ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கிராணி. பறித்த கொழுந்துக்குக் கிலோ கணக்கில் கூலி. கூடைக்கும் மழை ஈரத்துக்கும் கொஞ்சம் கழிப்பது முறைதான். ஆனால் வெயில் காலத்திலும் கூடைக்கு இரண்டு கிலோ கூடுதலாகக் கழிக்கும்படி மேலேயிருந்து வாய்மொழி உத்தரவு. தாத்தாவும் சில வருடங்கள் கழித்தார். எல்லோரும் செய்ததுதான்.

ஒருநாள் இரவு வாசிப்பு லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். மொத்தம் 37 வசனங்கள். சுற்றிச் சுற்றி வந்து, சரியான தராசும் சரியான படிக்கல்லும் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் 36-ஆம் வசனம் தாத்தாவின் முறைக்கு வந்தது. வாசித்தார். அடுத்த ஆளுக்குப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. விளக்கு அணையும் வரை மடியிலேயே வைத்திருந்தாராம்.

மறுநாள் கூடையின் எடையை மட்டும் கழித்தார். இரண்டே மாதத்தில் தராசு வேறு ஆளிடம் போனது. தாத்தா மலைக்காட்டில் மருந்து அடிக்கப் போனார். சம்பளம் குறைந்தது. கடைசிப் பையனான என் மாமா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்தினார்.

"பெருமையா இருந்துச்சா பாட்டி?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. அன்னிக்கு அந்த வசனம் வேற யாருக்காவது விழுந்திருக்கக் கூடாதான்னுதான் நினைச்சேன்" என்றார் பாட்டி.

அந்த ஒரே அதிகாரம்

சாமியை எப்படிக் கும்பிடுவது என்று மட்டும் சொல்லும் அதிகாரம் அல்ல அது. அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் வெளியூர்க்காரனுக்கும் விட்டுவைக்கச் சொல்கிறது. கூலியாளின் கூலியை மறுநாள் காலை வரை பிடித்துவைக்கக் கூடாது என்கிறது. தன்னைப்போல் அடுத்தவரையும் நேசிக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற கட்டளையும் இங்கேதான் வருகிறது. பின்னாளில் இயேசு இதைத்தான் தலையாய இரண்டு கட்டளைகளில் ஒன்றாக எடுத்துச் சொன்னார். அந்நியனை உங்களில் ஒருவனாக நடத்துங்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்கள்தானே என்று நினைவூட்டவும் செய்கிறது.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். தேயிலை நட்டுப் பறிக்க இங்கே வந்த தமிழர்களும் அந்நியர்களாக வந்தவர்கள்தாம். அவர்கள் காதில் அந்த வரி எப்படி விழுந்திருக்கும்!

இந்த வரிகள் தமிழுக்கு வந்ததே ஓர் அந்நியரால்தான். ஜெர்மனியில் பிறந்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு அதுதான். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் கதை வரை வந்தவர் 1719-இல் காலமானார். அந்த ரூத் யார்? வயல் ஓரத்தில் சிந்திய கதிரைப் பொறுக்கிப் பிழைத்த வேற்றுநாட்டுப் பெண். லேவியராகமம் சொன்னதை ஒரு வயல்காரர் செய்து காட்டினால் என்ன ஆகும் என்பதுதான் அவள் கதை.

மாமாவின் முறை

போன டிசம்பருக்கு வருகிறேன். மாமா இப்போது ரிங்லெட்டில் குத்தகை நிலத்தில் காய்கறி போடுகிறார். அவரிடம் நேப்பாளத் தொழிலாளர்கள் இருவர். கோபிஸ் விலை விழுந்ததில் இரண்டு மாதக் கூலி பாக்கி. இது தெரிந்த பாட்டி, அன்று இரவு வாசிப்புக்கு 19-ஆம் அதிகாரத்தை எடுத்தார். கூலி வசனம் யாருக்கு விழவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் எங்களை உட்கார வைத்தார் என்று இன்றும் சந்தேகப்படுகிறேன்.

மாமா வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"அப்பாவுக்கு விழுந்த வசனத்துல என் படிப்பு போச்சு. இதுல என் தோட்டமும் போகணுமாம்மா?"

யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. வேதத்தின்படி நடந்தால் நஷ்டமே வராது என்று மேடையில் சொல்வது சுலபம். அந்த வீட்டில் நஷ்டம் வந்திருக்கிறது. அதைச் சுமந்தவர் வசனத்தை வாசித்த தாத்தா மட்டும் அல்ல, ஒரு பதினைந்து வயதுப் பையனும்தான்.

விடிவதற்கு முன்பே மாமாவின் லோரி கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரு மாதக் கூலியைக் கொடுத்துவிட்டார். மீதி இரண்டு தவணையில். முழுசாக இல்லை. ஆனாலும் காலைப் பசியாறலின்போது பாட்டி மாமாவுக்கு இன்னொரு தோசை வைத்தார். அவரும் பேசாமல் சாப்பிட்டார்.

நம் வீட்டுப் பாய்

என் கைப்பேசியில் தினமும் காலையில் ஒரு வசனம் வருகிறது. அழகான பூப்படத்தோடு வரும். விரலால் தள்ளிவிட்டு வேலைக்குப் போவேன். ஆறுதல் தரும் வசனங்கள்தாம் பெரும்பாலும். தராசு வசனம் இதுவரை வந்ததில்லை. எனக்குப் பிடித்ததை மட்டும் வாசித்தால் என்னைக் கேள்வி கேட்க ஆள் ஏது?

அதனால் இப்போது வீட்டில் வாரம் இரண்டு நாளாவது பாய் விரிக்கிறோம். அதிகாரத்தைத் தாவாமல், சத்தமாக, ஆளுக்கு ஒரு வசனம். நீங்கள் திருக்குறளோ தேவாரமோ வாசிக்கும் குடும்பமாக இருந்தாலும் இந்தப் பழக்கம் ஒத்துவரும். முடிவில் பாட்டி கேட்கும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்:

"சரி, இதுல நாளைக்கு நமக்கு என்ன வேலை?"